அரை மணி பிந்திய வெயில்

வெள்ளாழிப்பட்டினத்தில் முதன்முதலாகப் பிந்தி விடிந்தது கதீஜா லாத்தாவின் வீட்டில்தான். தெருவெல்லாம் வெளுத்து, பால்காரர் வந்து போய், மீன்காரியின் சத்தம் தெருமுனை வரை கேட்டு ஓய்ந்த பிறகும் அந்த வீட்டுக்குள் மட்டும் இருட்டு கலையாமல் கிடந்தது. மழை வரப்போகிறதென்று நினைத்து லாத்தா கொடியில் கிடந்த துணிகளை அள்ள வெளியே வந்தாள், வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே போனாள், கை தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கூடத்து ஜன்னலில் விடிந்தது. விடிந்த கையோடு போன் மினுங்கியது. துபாயிலிருந்து அவள் கணவர், எப்போதும்போல, எழுந்ததும் போடும் ஸலாம்.

மறுநாள் பினாங்கில் கடை வைத்திருந்த கச்சி மரைக்காயர் வீட்டில் ஊர் புரண்டு படுக்கும் முன்பே விடிந்துவிட்டது. அதற்கும் மறுநாள் அமெரிக்காவில் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருந்த ஹாஜியார் வீட்டில் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு சூரியன் உதித்து, ஜன்னல் வழியாக வழிந்து, தெருவில் நாலு சதுரமாக விழுந்து கிடந்தது. வாரம் முடிவதற்குள் எந்த வீட்டிலிருந்து யார் எந்த நாட்டுக்குப் போயிருந்தாரோ அந்த நாட்டு வெயிலும் இருட்டும் அந்தந்த வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டன. ஏன் என்று கேட்கிறவர்கள் முதலில் கேட்டார்கள். அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு கருவியைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் யாருக்கும் கேட்க நேரமில்லை, வெயில் வந்துவிட்டால் வெயிலுக்குத் தக்க வேலையும் வந்துவிடுகிறதே.

பால்காரர் வீட்டுக்கு வீடு வேறு வேறு நேரத்தில் பால் ஊற்றப் பழகினார். கோழிகள் எந்த வீட்டில் அடைவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் தெருவில் நின்று கத்திவிட்டு, கடைசியில் வெளிநாட்டில் ஆளில்லாத மீன்பாடி வண்டி ஓட்டுகிறவரின் வீட்டுக்கு ஒட்டுமொத்தமாகக் குடிபோயின. மழைக்காலத்தில் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஹாஜியார் வீட்டுக்குப் போனார்கள். லண்டனில் ஒரு மகனும் சிங்கப்பூரில் ஒரு மகனும் உள்ள வீட்டில் கூடத்துக்கு லண்டனும் அடுப்படிக்குச் சிங்கப்பூரும் வந்துவிட, அந்த உம்மா ஒரு நிலைப்படியைத் தாண்டிக் காலையிலிருந்து சாயங்காலத்துக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு திரும்பக் காலைக்கு வந்தாள். தொழுகைக்கும் நோன்புக்கும் எந்த வெயிலைப் பார்ப்பது என்று குழப்பம் வந்தபோது பள்ளிவாசல் ஆலிம்சா யோசித்து, "வீட்டுக்குள்ள வாறது வெளிச்சம். சூரியன் வானத்துலதான் இருக்கு. வானத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு பாங்கு நேரங்களில் ஊர் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

முன்பெல்லாம் "இப்ப அங்க மணி என்ன" என்று விரல் மடக்கிக் கூட்டிக் கழித்தவர்கள், போனில் அந்தப் பச்சைப் புள்ளி எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள், இப்போது ஜன்னலைப் பார்த்தால் போதும் என்றானார்கள். ஜன்னலில் விடிந்தால் அங்கே எழுந்துவிட்டார்கள். ஜன்னல் இருட்டினால் வேலை முடிந்தது, கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது: யார் வீட்டை நினைக்கிறார்களோ அவர்கள் வெயில்தான் வீட்டுக்கு வருகிறது.

அந்தப் பேச்சு மர்ஜானாவின் காதுக்கு வந்தபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மட்டும் ஒன்றும் மாறியிருக்கவில்லை. தெருவில் விடிந்தால் அங்கேயும் விடிந்தது, தெருவில் இருட்டினால் அங்கேயும் இருட்டியது. அவள் கணவன் ஜலீல் கனடாவுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி எட்டாவது மாதம் போனவன். அன்றிலிருந்து தினமும் காலையில், இவள் மாமியார் பல்கீஸுக்கு இட்லி எடுத்து வைக்கிற நேரத்துக்கு, அங்கே இரவு பத்து மணி என்று சொல்லிக் கூப்பிடுவான். இருட்டறையில் போன் வெளிச்சம் மட்டும் விழுந்த முகம். "குளிரு மர்ஜானா, மூக்கு விறைக்குது" என்பான். தடித்த சட்டையோடு வெள்ளை வெளேரென்ற மேட்டில் நிற்கிற படம் ஒன்று அனுப்பியிருந்தான். மாமியார் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். இங்கே பகல் ஏறிவிட்டால் அவன் ஒருபோதும் ஆன்லைனில் வரமாட்டான். அது அவனுக்குத் தூங்கும் நேரம். கனடாவில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுவார்களாம், அந்த நாள் வந்தால் அவன் அழைப்பும் தவறாமல் ஒரு மணி நேரம் முன்னே பின்னே நகரும்.

இப்படிப்பட்டவன் வீட்டை நினைக்கவில்லையா?

"ஹாஜியார் மகளுக்கு அடுத்த நாடுதானே கனடா. அவ வெயிலு வருது, எம்புள்ள வெயிலு வரலையே" என்று பல்கீஸ் கேட்டாள். இரண்டு தடவைதான் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். கூடத்து ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை வெயில் வரும்போதெல்லாம், அழைக்காமல் வந்த ஆளைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் பெண்கள் மர்ஜானாவிடம் அன்பாகப் பேசத் தொடங்கினார்கள், அதுதான் தாங்கவில்லை. அங்கே ஒருத்தி இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் வந்தால் பேச்சு மாறியது.

ஒருநாள் அவள் வீட்டிலிருந்த கம்பளி, ஜமுக்காளம், பழைய திரை எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல்களில் ஆணி அடித்துக் கட்டினாள். பகலில் வீடு கும்மிருட்டாயிற்று. "கனடா இருட்டு வந்துருச்சு" என்று கதீஜா லாத்தாவிடம் சொன்னாள். லாத்தா எட்டிப் பார்த்தாள், ஆணியையும் கம்பளியின் ஓரத்தில் கசிந்த வெளிச்சத்தையும் பார்த்தாள், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊர் முழுக்க அப்படித்தான் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துகொண்டது. மாமியாரும் மருமகளும் அந்த இருட்டில் தடவித் தடவி நடந்தார்கள்.

நோன்பு மாதம் பாதி கடந்திருந்தது. பெருநாளைக்குத் துவைக்கலாம் என்று அடுப்படி ஜன்னலின் கம்பளியை மர்ஜானா அன்று கழற்றியிருந்தாள். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, பாங்கு சொல்லும் சத்தம் கேட்டு, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவள், எதிர்ச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கிவிட்டது, பள்ளிவாசல் விளக்கு எரிகிறது. சுவரில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் வெயில் நின்றது. கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. நிழல் விழுந்தது. அவள் தொழுது முடித்துக் கஞ்சி குடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் அந்த வெயில் இருந்து, சிவந்து, அரை மணி நேரம் பிந்தி அணைந்தது. மறுநாள் காலை கம்பளி இல்லாத அந்த ஜன்னலருகே காத்திருந்தாள். தெரு வெளுத்து அரை மணி கழித்துத்தான் அடுப்படி வெளுத்தது.

ஒன்றரை மணி பிந்தினால் ஊருக்கே தெரிகிறது. பகல் இரவாகப் புரண்டால் தெருவே பார்க்கிறது. அரை மணியை யார் பார்ப்பார்கள்? மேகம் என்று நினைத்திருப்பார்கள், மரநிழல் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் அவளே கம்பளியைக் கட்டி மறைத்துவிட்டாள்.

போனில் தொழுகை நேரம் பார்க்கும் ஆப் இருந்தது. அதில் ஊர்ப் பெயரை மாற்றி மாற்றிப் போட்டாள். கனடாவின் எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தவில்லை, துபாய் பிந்தியது. மதுரை, கொச்சி, மங்களூர் என்று மேற்கே போகப் போக நேரம் கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்தது, பம்பாய்க்குப் போனபோது நெருங்கியது, அதற்கும் மேலே, குஜராத்தில், வரைபடம் கடலில் நாக்கை நீட்டியதுபோல் இருக்கும் கட்ச் பக்கத்தில் போய் அவள் சுவர் சொன்ன நேரமும் போன் சொன்ன நேரமும் ஒன்றாக நின்றன. அவன் இந்த நாட்டில்தான் இருக்கிறான். அங்கேயும் இங்கேயும் கடிகாரத்தில் மணி ஒன்றுதான்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நினைத்திருக்கிறான், தினமும் நினைத்திருக்கிறான். மாமியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று கூடத்து வரைக்கும் போனாள். அங்கே பல்கீஸ் இருட்டில் அந்த வெள்ளை மேட்டுப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். சந்தோஷத்தைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை நேரத்துக்கு அழைப்பு வந்தது. அதே இருட்டறை, அதே முகம்.

"நோன்பு தொறந்தாச்சா மச்சான்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எப்பவோ. இங்க மணி பத்தாகுதே. தராவீஹ் தொழுதுட்டு இப்பதான் வந்தேன்."

"தொண்டை கட்டிக் கெடக்கே. தண்ணி குடிங்க."

"குடிக்கலாம்."

"இப்பக் குடிங்க. நான் பாக்கணும்."

அவன் சிரிக்க முயன்றான். இங்கே காலை, சஹர் சாப்பாட்டு நேரம் முடிந்து சூரியன் ஏறிவிட்டது. அங்கேயும்தான். அவன் நோன்போடு இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்று மாமி சொல்லித் தெரியும். அவன் கையை நீட்டித் தம்ளரை எடுத்தான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. தம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு மெதுவாக உதட்டுக்குக் கொண்டுபோனான். போன் வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்கியது.

"குடிக்காதிய மச்சான்" என்றாள் மர்ஜானா. "நோன்பு முறிஞ்சிரும்."

தம்ளர் அங்கேயே நின்றது. பிறகு அவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பின்னாலிருந்த ஜன்னலில் கட்டியிருந்த கம்பளியை இழுத்தான். பகல் வெளிச்சம் பொலபொலவென்று அறைக்குள் கொட்டியது. தகரக் கூரை, மூலையில் ஸ்டவ், கொடியில் தொங்கும் சட்டை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம், வெள்ளை வெளேரென்று மேடு மேடாக.

"உப்பு" என்றான். "பனி இல்ல. உப்பளம்."

கனடாவுக்கென்று கூட்டிப்போன ஏஜெண்டு வழியில் ஒரு விமான நிலையத்தில் அவனை விட்டுவிட்டு மறைந்துவிட்டான். பிடித்து வைத்திருந்து திருப்பி அனுப்பினார்கள், பம்பாயில் வந்து இறங்கினான். ஊருக்கு டிக்கெட் எடுக்கிற வரிசையில் நின்றிருக்கிறான். அவனை வழியனுப்ப பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்த ஊரை நினைத்துப் பார்த்திருக்கிறான். வரிசையிலிருந்து விலகிவிட்டான். உப்பளத்தில் பகலெல்லாம் லாரிக்குச் சுமை ஏற்றிவிட்டு, கனடாவின் மத்தியான இடைவேளை எப்போது, சாயங்காலம் எப்போது என்று பார்த்துப் பார்த்து, தூக்கத்திலிருந்து எழுந்து எழுந்து ஆன்லைனில் வந்து போயிருக்கிறான்.

"வீட்டுக்கு வாங்க" என்றாள்.

"எந்த மூஞ்சியோட?"

"உம்மா சாப்புடுறதில்ல. நீங்க நினைக்கலன்னு நினைக்கிறாங்க."

அவன் அழுதான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பகலில் பார்த்தாள். முன்நெற்றி ஏறியிருந்தது. உப்பு அரித்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலை பாங்கு சொன்ன பிறகு மாமியாரைக் கைப்பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போய் அந்த வெயிலுக்கு நேரே உட்கார வைத்தாள். பல்கீஸின் முகத்தில் வெயில் பட்டது, கண்ணை மூடிக்கொண்டாள், கன்னத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டினாள். மர்ஜானா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை வெயில் இருந்தது.

"நினைச்சிருக்கான்" என்றாள் பல்கீஸ்.

"நினைச்சிருக்காங்க மாமி."

வெயில் அணைந்த பிறகு பல்கீஸ் எழுந்து, துவைத்துக் காய்ந்திருந்த கம்பளியை எடுத்து மருமகள் கையில் கொடுத்தாள். "கட்டு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. மறந்துட்டான்னு சொல்லட்டும், பரவாயில்ல. தோத்துட்டான்னு சொன்னா எம்புள்ள செத்துருவான்."

"அப்ப நான், மாமி?"

பல்கீஸ் அதற்குப் பதில் சொன்னது பெருநாள் கழிந்த பிறகுதான். பெருநாளன்று பிரியாணிச் சட்டியோடு வந்த கதீஜா லாத்தா மர்ஜானாவைத் தனியே அழைத்து, "இருவத்தஞ்சு வயசு புள்ள எத்தனை நாளைக்கு இருட்டுக்குள்ள இருப்ப? ஜமாஅத்துல பேசி அவன்கிட்டேருந்து விடுதலை வாங்கிரலாம். வெயிலே சாட்சி. ஒன் காக்காவுக்குச் சொல்லியாச்சு" என்றாள். மூன்றாம் நாள் அண்ணன் யாசீன் காரோடு வந்து நின்றான். அப்போதுதான் பல்கீஸ் பேசினாள். மருமகளின் பெட்டியை அவளே கட்டினாள். கதவுக்குப் பின்னால் நின்று, "ஒங்க அண்ணன் கூட்டிட்டுப் போற மாதிரி போ. எம்புள்ளகிட்டப் போயிரு. நான் இங்க இருந்துக்கிறேன்" என்றாள்.

"ஒத்தைல எப்படி மாமி?"

"ஒத்தைல எங்க? வெயிலு இருக்கே."

தெருவே வாசலில் நின்று பார்த்தது. விட்டுப் போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். காரில் மர்ஜானா யாசீனிடம் உண்மையைச் சொன்னாள். மதுரையில் ரயில் ஏற்றிவிட்டு, "அவன்கிட்ட என் ஸலாத்தைச் சொல்லு" என்றான்.

உப்பளத்து அறையில் முதல் நாள் காலை மர்ஜானா விழித்தபோது பளிச்சென்று விடிந்திருந்தது. கதவைத் திறந்தால் வெளியே இன்னும் இருட்டு, பக்கத்து அறைகளில் ஆட்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். ஜலீல் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"ஆமா. நம்ம ஊரு வெயிலு" என்றான். "இங்கயும் வருது. உம்மா எந்திரிச்சிட்டாங்கன்னு அர்த்தம். சாயங்காலம் வெளிய இருட்டுறதுக்கு முந்தி இங்க இருட்டிரும்."

அப்படியாக அவர்கள் மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து, மற்றவர்களுக்கு முன்னால் விளக்கேற்றி, ஆறேழு மாதம் வாழ்ந்தார்கள். அவன் காலையில் கம்பளியைக் கட்டிக்கொண்டு உம்மாவைக் கூப்பிடுவான், ஊர்க்காரர் யாராவது உம்மா பக்கத்தில் இருக்கலாம் என்பதற்காக. மர்ஜானா படத்தில் விழாத தூரத்தில் உட்கார்ந்து மாமியின் குரலைக் கேட்பாள். மாமியின் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மெலிந்தது. "மூக்கு விறைக்குதா வாப்பா?" என்று கேட்பாள் பல்கீஸ், பக்கத்தில் ஆள் இருந்தால் சத்தமாக. "விறைக்குது உம்மா" என்பான் ஜலீல்.

குளிர் தொடங்கிய மாதத்தில் ஒருநாள் மர்ஜானா கண் விழித்தபோது அறை இருட்டாக இருந்தது. தலைமாட்டில் போனை எடுத்து மணி பார்த்தாள். விடிந்திருக்க வேண்டும். ஜலீலும் விழித்துத்தான் கிடந்தான், கூரையைப் பார்த்துக்கொண்டு. இருவரும் எழுந்து ஜன்னலருகே உட்கார்ந்தார்கள். உப்பளம் எப்போது வெளுத்ததோ அப்போதுதான் அறையும் வெளுத்தது. பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து பல் தேய்க்கிற சத்தம் கேட்டது. எல்லோருக்கும் விடிந்த நேரத்தில் அவர்களுக்கும் விடிந்தது.

உம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கதீஜா லாத்தாவின் போன் அணைத்துக் கிடந்தது; அவள் வீட்டில் இன்னும் விடிந்திருக்காது. லாத்தாவின் பச்சைப் புள்ளி வந்தபோது மணி பத்தாகப் போனது. கனடாவில் நடுச்சாமம், அவன் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

"கூப்பிடுங்க மச்சான்" என்றாள் மர்ஜானா.

அவன் லாத்தாவின் பெயரை விரலால் தொடப் போனான், விரலை எடுத்தான். மறுபடி தொடப் போனான். தோத்துட்டான்னு சொல்லக் கூடாது என்று உம்மா கேட்டுக்கொண்டது ஒன்றுதான், அதை உம்மா போன அன்றைக்கே எப்படி உடைப்பது என்று அவன் கேட்டான். அவன் வேலைக்குப் போகவில்லை. நடுப்பகலில் லுஹர் தொழுதார்கள், சாயங்காலம் அஸர் தொழுதார்கள். அந்நேரம் ஊரில் குளிப்பாட்டியிருப்பார்கள், தூக்கியிருப்பார்கள், மண் தள்ளியிருப்பார்கள் என்று இருவரும் மனதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

உப்பு மேடுகள் சிவக்கத் தொடங்கியபோது போன் அடித்தது. ஜலீல் கம்பளியைக் கட்டவில்லை, படம் வராமல் குரலை மட்டும் எடுத்தான்.

"தம்பி" என்றாள் கதீஜா லாத்தா. அழுது அழுது தொண்டை கரகரத்திருந்தது. "உம்மா விடியக்காலம் சுபுஹுக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாங்க வாப்பா. நான் போய்ப் பாக்கையில நல்லா வெயில் ஏறிப்போச்சு. ஒனக்கு உடனே சொல்லணும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். அங்க நடுச்சாமமா இருக்கும், ஒழைச்சுட்டு வந்து தூங்குற புள்ள, விடியட்டும்னு இருந்தோம். மய்யித்தை எடுத்தாச்சு. மன்னிச்சிரு தம்பி."

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மர்ஜானா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தன் அழுகை அந்தப் பக்கம் கேட்டுவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இருக்கியா? அங்க விடிஞ்சிருச்சாப்பா?"

ஜலீல் தலையைத் தூக்கினான். ஜன்னலில் உப்பளத்தின் கடைசி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சிருச்சு லாத்தா" என்றான்.